வேலை மனுவும் சுயமரியாதையும்

(வேலை தேடும் வாலிபர்களும் பெண்களும் கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



வேலைக்கு மனுப்போடுகிறவர்கள் தங்களைப் பற்றிய விவரக் குறிப்பையும், அதனோடு வைத்தனுப்பும் கடிதத்தையும் எப்படி எழுத வேண்டும் என்பது பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். விவரக் குறிப்பை நீங்கள் பயோடேட்டா என்றும் ரெஸ்யூமே என்றும் சொல்லுகிறீர்கள். கடிதத்தைக் கவரிங் லெட்டர் என்கிறீர்கள். பெயர் எதுவாயினும் சரி. இதில் பிரசங்கம் செய்ய என்ன இருக்கிறது, மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதிவிட்டுப் போகலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுவதுதான் நமக்கு வந்த கேடு.

யோசித்துப் பாருங்கள். பரம்பரையாக உத்தியோகம் பார்த்து வந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு மனு எழுதத் தனியாக யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பெரியப்பன் எழுதுவதைப் பார்த்திருப்பான். மாமன் திருத்திக் கொடுப்பான். இன்னாரைப் போய்ப் பார் என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கும். ஆனால் பாட்டன் கைநாட்டு வைத்தவன், தகப்பன் கையெழுத்து மாத்திரம் போடத் தெரிந்தவன், மகன்தான் முதன்முதல் பட்டம் வாங்கியவன் என்கிற வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? பட்டம் வாங்க இருபது வருஷம் பாடுபட்டவன், அந்தப் பட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரியாமல் தோற்றுப் போகிறான் என்றால், அது அவனுடைய தலையெழுத்தல்ல. சொல்லிக் கொடுக்க ஆளில்லாத குறை. ஆகையால்தான் இதைக் கூட்டம் போட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

இதிலும் முக்கியமாக ஒரு சாராரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அவர்கள் ஒரு துறையோடு நில்லாமல் இரண்டு மூன்று துறைகளில் அறிவும் கைப்பழக்கமும் உள்ளவர்கள். விவசாயம் படித்துக் கம்ப்யூட்டரும் கற்றவர், நர்ஸ் வேலை பார்த்துக் கணக்கும் தெரிந்தவர், ரசாயனம் படித்துத் தறியும் ஓட்டத் தெரிந்தவர் என்று நம் ஊர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவர்கள் மனு எழுதும்போது இரண்டில் ஒரு தவறு செய்கிறார்கள். ஒன்று, தெரிந்ததையெல்லாம் மளிகைக் கடை ஜாபிதா போலக் கொட்டிவிடுகிறார்கள். படிக்கிறவனுக்கு இவர் எந்த வேலைக்கு வந்தார் என்பதே விளங்குவதில்லை. இல்லாவிட்டால், சர்ட்டிபிகேட் உள்ளதை மாத்திரம் எழுதிவிட்டு, கையால் கற்ற தொழிலை வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். முதல் தவறு தெரியாத்தனம். இரண்டாவது தவறு இந்த நாட்டு ஜாதி முறை நம் மூளைக்குள் புகுத்தி வைத்திருக்கிற இழிவு. ஒருவனுக்கு ஒரு தொழில்தான், அதிலும் கையால் செய்கிற தொழில் கீழானது என்று காலகாலமாகச் சொல்லி வந்ததன் பலன், சாயத்தொட்டியில் கை நனைத்தவன் அதைத் தன் மனுவில் எழுதக் கூசுகிறான்.

உலகத்தின் கஷ்டங்கள் துறை பார்த்து வருவதில்லை

ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பல இடங்களில் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு அதிகம். அதைக் குடித்துக் குடித்துப் பல்லில் கறை விழுந்தது. எலும்பிலும் கோளாறு வந்தது. அதற்காகவே காவிரித் தண்ணீரைக் கொண்டு போகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டது. இது யாருடைய வேலை? பல்லைப் பார்த்தவர் டாக்டர். தண்ணீரைச் சோதித்தவர் ரசாயனக்காரர். குழாய் போட்டவர் இஞ்சினீயர். செலவைக் கணக்கிட்டவர் கணக்கர். இனி இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர், ஜனங்கள் பேசுகிற பாஷை தெரிந்தவர். இவர்கள் ஒருவர் சொல்லுவது ஒருவருக்குப் புரியாவிட்டால் குழாய் இருக்கும், தண்ணீர் வராது. தண்ணீர் வந்தாலும் ஜனங்கள் பழைய கிணற்றுக்கே போவார்கள். ஆகவே இரண்டு துறைக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவனுக்கு இன்று தேவை இருக்கிறது. அந்தத் தேவைக்கு நாம்தான் ஆள் என்று காட்டுவதுதான் மனுவின் வேலை.

புத்தகம் கட்டிய பையன்

இதை எப்படிக் காட்டுவது என்பதற்கு நாமாக ஒரு கதை கட்ட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் நடந்த சரித்திரமே இருக்கிறது.

மைக்கேல் ஃபாரடே என்பவர் 1791-ம் வருஷத்தில் பிறந்தவர். தகப்பனார் கொல்லுத் தொழில் செய்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். பதினான்கு வயதில் லண்டனில் ஒரு புத்தகக் கடையில், புத்தகம் கட்டும் தொழில் கற்க ஏழு வருஷத்துக்கு ஒப்பந்தம் செய்து விடப்பட்டார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே படித்து மின்சாரத்தைப் பற்றியும் ரசாயனத்தைப் பற்றியும் தெரிந்துகொண்டார். அந்தக் கடை வீட்டில் குடியிருந்த ஓவியர் ஒருவரிடம் படம் வரையவும் பழகினார். 1812-ல், கடைக்கு வந்து போகும் ஒருவர் தயவால், ஹம்ப்ரி டேவி என்னும் பெரிய ரசாயன நிபுணருடைய சொற்பொழிவுகள் நாலைக் கேட்கும் சந்தர்ப்பம் கிடைத்தது.

ஃபாரடே விஞ்ஞான வேலையில் சேர வேண்டுமென்று முதலில் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பதிலே வரவில்லை. பிறகு அவர் என்ன செய்தார்? டேவியின் சொற்பொழிவுகளில் தாம் எழுதி வைத்த குறிப்புகளை விரிவாக, சுத்தமாக எழுதினார். கருவிகளின் படங்களைத் தம் கையாலேயே வரைந்தார். தாமே அதை அழகாகப் புத்தகமாகக் கட்டினார். 1812 டிசம்பரில் ஒரு கடிதத்தோடு டேவிக்கு அனுப்பினார். டேவி கூப்பிட்டுப் பார்த்தார். அப்போது வேலை காலி இல்லை. ஆனால் ஆளை மறக்கவில்லை. சில மாதத்தில் சோதனைச்சாலை உதவியாள் ஒருவன் நீக்கப்பட, 1813 மார்ச்சில் அந்த இடம் ஃபாரடேக்குக் கிடைத்தது. 1831-ல் அவர் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலின் தத்துவத்தைக் கொண்டுதான் இன்றைக்கும் மின்சார ஜெனரேட்டர் ஓடுகிறது.

தோழர்களே! அந்தப் புத்தகத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதில் எழுதும் திறமை இருந்தது, விஞ்ஞான அறிவு இருந்தது, ஓவியம் இருந்தது, தோல் வைத்துக் கட்டிய கைத்தொழிலும் இருந்தது. நாலும் ஒரே பொருளில் சேர்ந்திருந்தன. எனக்குப் பல்துறை ஞானம் உண்டு என்று ஃபாரடே சொல்லிக்கொள்ளவில்லை. சேர்த்துச் செய்த ஒன்றைக் கையில் கொடுத்தார். நான் புத்தகம் கட்டுகிறவன், அது கேவலமான தொழில், அதை மறைப்போம் என்று நினைத்திருந்தாரானால் அந்தப் புத்தகமே இராது. நம் வாலிபர்கள் மறைக்கிற அதே கைத்தொழில்தான் அவருக்கு வாசலைத் திறந்தது.

எதை முதலில் சொல்லுவது?

இன்னொரு சரித்திரம். லியோனார்டோ டா வின்சியை எல்லோரும் ஓவியர் என்றுதான் அறிவீர்கள். அவர் ஏறக்குறைய 1482-ம் வருஷத்தில், முப்பது வயதளவில், மிலான் நகரத்து ஆட்சித் தலைவரிடம் வேலை கேட்பதற்காகத் தயாரித்த கடிதத்தின் நகல் இன்றும் இருக்கிறது. அதில் எண் போட்டு விஷயங்களை அடுக்குகிறார். தூக்கிப்போகத் தக்க பாலம் கட்டுவேன், அகழித் தண்ணீரை வடிப்பேன், பீரங்கி செய்வேன், மூடிய போர் வண்டி செய்வேன் என்று யுத்தக் காரியங்களைத்தான் முதல் ஒன்பது இடத்திலும் வைத்தார். பத்தாவதாகத்தான், சமாதான காலத்தில் கட்டடம் கட்டவும் தண்ணீர் கொண்டுவரவும் தெரியும் என்கிறார். சிற்பமும் ஓவியமும் அதற்கும் பிறகு. ஏன்? படிக்கிறவருக்கு அன்று யுத்த பயம். ஆகையால் தமக்கு எதில் பெருமை என்று பாராமல், அவருக்கு எது தேவை என்று பார்த்து வரிசைப்படுத்தினார். சந்தேகமிருந்தால் நீங்கள் சொல்லும் இடத்தில் செய்து காட்டுகிறேன் என்றும் முடித்தார்.

இதிலிருந்து வரிசையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அளவுக்கு மீறி வாக்குக் கொடுப்பதைக் கற்காதீர்கள். அவர் வரைந்த யுத்த இயந்திரங்கள் பல காகிதத்தைத் தாண்டவில்லை. அவர் லியோனார்டோ, தப்பினார். நாம் எழுதியதை நாளை நேர்முகத்தில் செய்து காட்டு என்றால் விழிப்போம்.

எழுதும் முறை

இனிக் காரியத்துக்கு வருவோம். திருப்பூர்ப் பக்கத்தில் ஒரு வாலிபனை உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுவோம். தகப்பன் சாயப்பட்டறையில் வேலை. பையன் விடுமுறைகளில் தகப்பனோடு தொட்டியில் வேலை செய்தவன். பிறகு ரசாயனத்தில் பட்டம் வாங்கினான். கணக்குப் போடும் கம்ப்யூட்டர் வேலையும் தெரியும். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததும், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாதபடி சுத்தம் செய்யாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவு போட்டதும் உங்களுக்குத் தெரிந்த சங்கதி. இவன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் வேலைக்கு மனுப்போடுகிறான். இப்போது அவன் எழுதுவது எப்படி இருக்கிறது?

"பி.எஸ்ஸி. ரசாயனம். கம்ப்யூட்டர் தெரியும். கடின உழைப்பாளி. பல துறைகளில் ஆர்வம் உண்டு. தலைமைக் குணம் உண்டு. கூட்டாக வேலை செய்வேன்."

இது மனு அல்ல; சகஸ்ரநாம அர்ச்சனை. ஆயிரம் பெயர் சொன்னாலும் சாமி ஒன்றும் செய்யாதது போல, ஆயிரம் குணம் சொன்னாலும் ஒரு காரியம் செய்ததாக இதில் ஏற்படவில்லை. இதையே அவன் இப்படி எழுதட்டும்:

"பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில் மூன்று கோடை விடுமுறை வேலை செய்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் எவ்வளவு உப்பு கொட்டுகிறார்கள் என்பது கைப்பழக்கத்தில் தெரியும். கல்லூரியில் அதே பட்டறையின் கழிவுநீரை எடுத்துக் கரைந்த உப்பின் அளவைச் சோதித்தேன். வாரக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த நாளில் உப்பு ஏறுகிறது, அதற்குத் தொட்டியில் என்ன வேலை காரணம் என்று படம் போட்டுக் காட்டினேன்."

இதில் பல்துறை என்கிற சொல்லே இல்லை. ஆனால் தொழிலும் விஞ்ஞானமும் கணக்கும் ஒரு தலைக்குள் உட்கார்ந்து ஒரு காரியத்தைச் செய்திருக்கின்றன. ரசாயனம் மட்டும் படித்தவனுக்குத் தொட்டி தெரியாது. தொட்டியில் நிற்கிறவனுக்குச் சோதனை தெரியாது. இரண்டும் தெரிந்தவன் இவன் என்பது படிக்கிறவனுக்கு நாம் சொல்லாமலே விளங்கும். நாம் சொல்ல வந்த சங்கதி முழுவதும் இவ்வளவுதான்: துறைகளை அடுக்காதே, துறைகள் சேர்ந்த இடத்தைக் காட்டு.

இதை அனுசரித்துக் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, விவரக் குறிப்பின் தலையில் பெயர், போன், விலாசம் போட்டதும், மூன்று வரியில் நீங்கள் யார், எந்த இரண்டு அறிவு உங்களிடம் சேர்ந்திருக்கிறது, அது இந்த வேலைக்கு எப்படி உபயோகம் என்று சொல்லிவிடுங்கள். மேலோட்டமாகப் பார்க்கிறவன் அதற்குமேல் போகமாட்டான்.

இரண்டாவது, விளம்பரத்தை நாலு தடவை படியுங்கள். அவர்கள் கேட்கிற காரியங்கள் மூன்றோ நாலோ இருக்கும். அவற்றையே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் நீங்கள் செய்ததை எழுதுங்கள். அதன் பிறகு, வேலை பார்த்த இடங்களையும் படிப்பையும், கடைசியில் நடந்தது முதலில் வரும்படி வருஷத்தோடு போடுங்கள். வருஷத்தை ஒளித்தால் சந்தேகம் வரும். ஒரே குறிப்பைப் பத்துக் கம்பெனிக்கும் அனுப்புவது, ஒரே மருந்தைப் பத்து வியாதிக்கும் கொடுப்பது போன்றது.

மூன்றாவது, ஒரு துறையின் பரிபாஷையை இன்னொரு துறைக்காரன் படிப்பான் என்பதை மறக்காதீர்கள். பட்டறையில் பேசும் சொல்லை ரசாயனக்காரனுக்கும், ரசாயனச் சொல்லை மானேஜருக்கும் விளங்கும்படி எழுதுங்கள். இரண்டு துறைக்கு நடுவில் நிற்கத் தெரியும் என்பதற்கு உங்கள் எழுத்தே முதல் சாட்சி.

நாலாவது, இன்று பல கம்பெனிகளில் மனுவை முதலில் தரம் பிரிப்பது மனிதனல்ல, கம்ப்யூட்டர். விளம்பரத்தில் உள்ள சொல் மனுவில் இருக்கிறதா என்று அது பார்க்கும். ஆகையால் உங்களிடம் உண்மையாக உள்ள திறமைக்கு விளம்பரத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரையே போடுங்கள். இல்லாத திறமையின் பெயரைப் போடாதீர்கள்.

ஐந்தாவது, கவரிங் லெட்டர் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டியதில்லை. எந்த வேலை, ஏன் இந்த இடம் என்று ஒரு பாரா. இரண்டு அறிவு சேர்ந்து நடந்த ஒரே ஒரு காரியத்தை ஆதியோடந்தமாக ஒரு பாரா. உங்களுக்கு இல்லாதது என்ன, அதை எப்படிக் கற்றுக்கொள்ளுவீர்கள் என்று இரண்டு வரி. நேரில் வந்து பேசவும் செய்து காட்டவும் தயார் என்று ஒரு வரி. குறிப்பில் உள்ளதையே கடிதத்தில் திருப்பிச் சொல்லுவது பஜனை.

பட்டம் இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்கலாம். கணித மேதை ராமானுஜம் 1913 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹார்டி என்னும் பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில், தாம் சென்னைத் துறைமுகக் கணக்கு இலாகாவில் குமாஸ்தா என்றும், சர்வகலாசாலைப் படிப்பு இல்லாதவர் என்றும் ஒளிக்காமல் எழுதிவிட்டு, தம் கணக்குகளை இணைத்து அனுப்பினார். இல்லாததை ஒரு வரியில் சொல்லி, உள்ளதைப் பக்கம் பக்கமாகக் காட்டினார். அவ்வளவுதான் செய்ய வேண்டியது.

எழுத வேண்டாதவை

தகப்பன் பெயர், ஜாதி, மதம், உட்பிரிவு, கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்பவைகளை யாரும் கேட்காமலே பயோடேட்டாவில் நிரப்புகிறார்கள். கல்யாணத் தரகனுக்குக் கொடுக்கும் குறிப்பையும் வேலை மனுவையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம். சர்க்கார் உத்தியோகத்தில் இட ஒதுக்கீட்டுக்காக வகுப்புச் சான்றிதழ் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்; அது உரிமை. கேட்காத தனியார் கம்பெனிக்கு நாமாக ஏன் ஜாதியைச் சொல்ல வேண்டும்?

பெயரைப் பார்த்தா வேலை கொடுக்கிறான் என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறக்குறைய ஐயாயிரம் கற்பனை மனுக்களை அனுப்பிச் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். சமமான தகுதி, பெயர் மாத்திரம் வேறு. வெள்ளைக்காரர் பெயருள்ள மனுவில் பத்துக்கு ஒன்று வீதம் அழைப்பு வந்தது. கறுப்பர் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று வீதம். நம் நாட்டிலும் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் இரு அறிஞர்கள் இங்கிலீஷ் பத்திரிகை விளம்பரங்களுக்கு இதே போல் மனுக்கள் அனுப்பிப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். சமமான படிப்பிருந்தும் தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்புக் குறைவு. 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் செய்ததை வெறும் கொள்கை என்று நினைத்தவர்கள், அது வயிற்றுப் பிழைப்போடும் சேர்ந்தது என்பதை இதில் காணலாம்.

மனிதனுக்குத்தான் ஜாதி புத்தி, இயந்திரம் நியாயமாக நடக்கும் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒன்று. அமேசான் கம்பெனி மனுக்களைத் தரம் பிரிக்கச் செய்து பார்த்த இயந்திரம் பெண்கள் என்ற சொல் வந்த மனுவைத் தாழ்த்தியதாகவும், கம்பெனி அந்த முயற்சியையே கைவிட்டதாகவும் 2018-ல் செய்தி வந்தது. பழைய மனுக்களைப் பார்த்துக் கற்ற இயந்திரம் பழைய புத்தியையும் கற்றது. எந்த இயந்திரத்தையும் தெய்வமாக்க வேண்டாம். நம் கையில் உள்ளது, மறுக்க முடியாதபடி அத்தாட்சியோடு எழுதுவது. முதலாளிகளிடமும் சர்க்காரிடமும் நாம் கேட்க வேண்டியது, முதல் வடிகட்டலில் பெயரை மறைத்துத் தகுதியை மாத்திரம் பார்க்கும் முறையை.

கடைசியாக ஒரு விஷயம். தங்கள் பாதம் பணிந்து, தங்கள் கருணையை நாடி, அடியேன், ஏழைக் குடும்பம், இரங்க வேண்டும் என்றெல்லாம் எழுதுவதை நிறுத்துங்கள். வேலை என்பது பிச்சையல்ல. உங்களிடம் உழைப்பும் அறிவும் இருக்கிறது. அவனுக்கு அது வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் பேசித் தீர்க்கும் ஒப்பந்தம் அது. மரியாதையாக எழுதுங்கள், தலைகுனிந்து எழுதாதீர்கள். ஏழ்மையைக் காட்டி வாங்கிய வேலையில் கடைசிவரை ஏழ்மைச் சம்பளம்தான் கிடைக்கும்.

தோழர்களே! நாம் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்றிரவு வீட்டுக்குப் போய் உங்கள் மனுவை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். இதில் நான் செய்த காரியம் எங்கே இருக்கிறது? என் அப்பனிடமும் அம்மாளிடமும் கையால் கற்றது எங்கே போயிற்று? என் இரண்டு அறிவும் சேர்ந்த இடம் எது? பதில் இல்லையானால் வேறு காகிதம் எடுங்கள். எழுதியதைத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். நம் சங்கப் படிப்பகங்களில் பத்திரிகை படித்துக் காட்டுகிற தோழர்கள், இனி வாரத்தில் ஒரு மாலை மனுத் திருத்திக் கொடுக்கவும் முன்வர வேண்டும். பெரியப்பனும் மாமனும் இல்லாத பிள்ளைகளுக்கு நாம்தான் பெரியப்பனும் மாமனும் என்று கூறி இதை முடித்துக்கொள்ளுகிறோம்.